வீட்டு லேப்டாப்பில் உள்ளதைப் பத்திரப்படுத்த வழி சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. நாங்க இலங்கையில ஹட்டன் பக்கம் தோட்டத்தில இருக்கோம். அம்மாயி பாடின தாலாட்டு, ஒப்பாரிப் பதிவுகள், தாத்தாவோட பிரஜாவுரிமை (குடியுரிமை) பத்திர ஸ்கேன் எல்லாம் ஒரே லேப்டாப்பில்தான் இருக்கு, 180 ஜிபி வரும். பத்திரம் மடிப்பு மடிப்பாக் கிழிஞ்சு, முத்திரை பாதி மங்கிப்போச்சு. அம்மாயியும் இப்ப இல்லை. இது போனா திரும்பக் கிடைக்காது.

மூணு பிரதி, ரெண்டு வகைச் சாதனம், ஒண்ணு வீட்டுக்கு வெளியேங்கிற 3-2-1 முறைப்படி செய்ய ஆசை. கூகுள் டிரைவில் இலவசமா 15 ஜிபிதான்; அதில பத்திரங்களை மட்டும் ஏத்திட்டேன். பாட்டுகளை ஏத்த போன் டேட்டா தாங்காது.

அதனால ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒண்ணை கண்டியில அக்கா வீட்டில வைக்கலாம்னு யோசனை. சிப்பில சேமிக்கிற எஸ்எஸ்டி டிஸ்க் கரண்ட் இல்லாம வருஷக்கணக்கில் கிடந்தா டேட்டா அழியலாம்னு சொல்றாங்களே, அலுமாரியில வைக்க சாதா ஹார்ட் டிஸ்க்தானே நல்லது? மழைக்காலத்தில துணியே பூஞ்சணம் பிடிக்கிற வீடு இது, ஈரத்துக்கு என்ன செய்றீங்க? விண்டோஸ் ஹோம்ல பிட்லாக்கர் (டிஸ்க்கைக் கடவுச்சொல்லால பூட்டுற விண்டோஸ் வசதி) போட்டு வெளி டிஸ்க்கைப் பூட்ட முடியாது. அதே வேலைக்கான இலவச மென்பொருள் வெராகிரிப்ட் பாவிச்சவங்க இருந்தா தயவுசெய்து படிப்படியாச் சொல்லுங்க. மலைநாட்டிலேயே இப்படி வச்சிருக்கிறவங்க சொன்னா பெரிய உதவி.