உசியா ராஜாவைப் பற்றி ஒரு விவசாயி சொன்னது

பைபிளில் பெருமையால் விழுந்தவர்கள் என்றதும் எல்லாரும் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரைத்தான் எடுக்கிறோம். மாட்டைப் போல் புல்லைத் தின்ற ராஜாவை யாரால் மறக்க முடியும்? ஆனால் எனக்கு உறைத்தது யூதாவின் ராஜா உசியாவின் கதை. அதுவும் பிரசங்கத்தில் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில், வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒரு விவசாயி சொல்லிக் கேட்டேன்.

அன்று வாசித்தது பைபிளில் 2 நாளாகமம் 26ஆம் அதிகாரம். நாங்கள் உசியாவுக்குக் குஷ்டரோகம் வந்த இடத்துக்குப் போக அவசரப்பட்டோம். அவர் விடவில்லை. "இருங்க தம்பி, அதுக்கு முன்னாடி இந்த ஆளு என்னல்லாம் செஞ்சிருக்காரு பாருங்க" என்று வரிவரியாக விரல் வைத்து வாசித்தார். 16 வயதில் பட்டம். காத், யப்னே, அஸ்தோத் பட்டணங்களின் மதில்களை இடித்தது. எருசலேமில் கோபுரங்கள், அம்பும் பெருங்கல்லும் எறிகிற யந்திரங்கள், 3,07,500 பேர் கொண்ட சேனை. அப்புறம் அவர் குரல் மாறிய இடம்: வனாந்தரத்தில் வெட்டிய துரவுகள் (கிணறுகள்), ஆடுமாடுகள், மலையில் திராட்சைத் தோட்டம். வெள்ளாண்மையில் பிரியமுள்ளவன் என்று வேதமே சொல்லும் ராஜா!

"இல்லாமையிலயா விழுந்தான்? துரவுல தண்ணி நின்ன பிறகுல்லா விழுந்தான். நாம மட்டும் என்ன, போர்வெல் போடுறப்போ சபை ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணுவோம். தண்ணி பீச்சி அடிச்சதும், பாயிண்ட் பாத்தது நாந்தாம்போம்."

எல்லாரும் சிரித்தோம். போர்வெல் போட்டவர்கள் கொஞ்சம் குறைவாகச் சிரித்தார்கள்.

உசியா செய்தது, ஆசாரியருக்கு மட்டுமே உரிய தூபங்காட்டும் வேலையைத் தானே செய்ய ஆலயத்துக்குள் புகுந்தது. கவனிக்க வேண்டியது, நுழைந்ததுமே குஷ்டம் வரவில்லை. தடுத்தவர்கள்மேல் கோபப்பட்டபோது, தூபகலசம் கையில் இருக்கும்போதே நெற்றியில் வந்தது. கலசத்தைக் கீழே வைக்க அவனுக்கு நேரம் கொடுக்கப்பட்டது என்றே நான் வாசிக்கிறேன். சாகும்வரை தனி வீடு. நாட்டை நியாயம் விசாரித்தது மகன் யோதாம்.

*

மேலே எழுதிய அண்ணனுக்கு: உசியாவைத் தடுத்த பிரதான ஆசாரியர் அசரியாவையும் அவரோடு போன 80 ஆசாரியரையும் விட்டுவிட்டீர்களே! ராஜாவின் முகத்துக்கு நேரே 'வெளியே போம்' என்றவர்கள் அவர்கள்.

எங்கள் சபையில் ஆலயக் கட்டடத்துக்குப் பெரும்பணம் கொடுத்த ஒருவர், அசனப் பண்டிகை (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து) ஆராதனை நடுவே மைக்கைப் பிடிக்க நேரே பலிபீடத்துப் படியேறினார். சபை ஐயர் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார். கமிட்டிக்காரர்கள் குனிந்து செருப்பில்லாத காலைப் பார்த்தார்கள். எழுந்து போய்க் குறுக்கே நின்றவர் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை ஒருவர்தான். "ஐயா, ஆராதனை முடியட்டும்" என்றார், அவ்வளவுதான். பணம் கொடுத்தவர் இறங்கிவிட்டார், முகம் சிவந்திருந்தது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கோயில்பிள்ளையிடம் விளக்கம் கேட்டார்கள். அப்புறம் கல்வெட்டில் அந்தப் பெரியவர் பெயரை எந்த வரியில் போடுவது என்ற பேச்சிலேயே மிச்ச நேரம் போனது.