கேம்பாய் (நின்டெண்டோவின் கையடக்க கேம் கருவி) திரை மாற்ற எந்த கிட் வாங்கலாம்? அவசரம்

பழையபட்டன்:
திரை ரொம்ப மங்கல், விளக்கடியில் பிடித்தால்தான் தெரிகிறது. ஐபிஎஸ் (பின்னொளி உள்ள புதுவகை எல்சிடி திரை) கிட் போடப் போகிறேன். லேமினேட் செய்ததா, சாதாரணமா? இன்றைக்கே ஆர்டர் போட வேண்டும்.

சாம்பல்செங்கல்:
எந்த கேம்பாய்? 1989-இல் வந்ததா, கலரா, அட்வான்ஸா, மடக்கும் எஸ்பியா? ஒவ்வொன்றுக்கும் கிட் வேறு.

திருப்புளி:
சால்டரிங் வருமா? ஷெல்லை (வெளிக்கூட்டை) வெட்டத் தயாரா? அதையும் சொல்லுங்கள்.

பழையபட்டன்:
அட்வான்ஸ். மடக்கும் மாடல் இல்லை. சால்டரிங் தெரியாது, வெட்டவும் பயம்.

மூத்தவர்_240:
இழையைத் தொடங்குமுன் பழைய பதிவுகளைப் படிக்கும் பழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. சரி, சொல்கிறேன். அட்வான்ஸ் போர்டில் திரை கனெக்டர் 40 பின், 32 பின் என இரு வகை. முதலில் திறந்து பாருங்கள். மூன்று முனை திருப்புளி வேண்டும். அசல் திரை 240×160. பேனல் 720×480 என்றால் ஒரு புள்ளி மூன்றுக்கு மூன்றாக விரியும், ஓரம் மசங்காது. முழு மடங்காக விரிக்காத பேனலைத் தொடவே வேண்டாம்.

திருப்புளி:
அப்படியானால் லேமினேட்தான். கண்ணாடியும் பேனலும் ஒட்டியே வருவதால் நடுவில் தூசி புகாது. அதற்கென்றே செய்த ஷெல்லையும் சேர்த்து வாங்கினால் வெட்டும் வேலை இல்லை. சால்டரிங், வெளிச்சத்தைப் பட்டன் வழியாகக் கூட்டிக் குறைக்க மட்டும்தான். அந்த ஒயர்களை விட்டுவிட்டாலும் திரை வேலை செய்யும்.

சாம்பல்செங்கல்:
என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை பவர் சுவிட்சில்தான். அதில் அழுக்கு இருந்தால் மின்னழுத்தம் இறங்கும். புதுத் திரையில் வெளிச்சத்தைக் கூட்டியதும் அணைந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

பிக்சல்பித்தன்:
ஐபிஎஸ் போட்டால் நிறம் கெட்டுவிடும். அந்த இருண்ட திரைக்காகத்தான் பல கேம்களில் நிறத்தைத் தூக்கி வைத்தார்கள். நிழலை ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம் காட்டிய கேம்களும் உண்டு. பழைய திரை மெதுவானது, அதனால் அது கண்ணாடி போலத் தெரியும். ஐபிஎஸ்ஸில் வெறும் மினுக்கல்!

மூத்தவர்_240:
நிறத்தைச் சரிசெய்யும் வசதி சில கிட்களிலேயே இருக்கிறது. படிக்காமல் எழுத வேண்டாம்.

பிக்சல்பித்தன்:
நிறம் சரி. மினுக்கலுக்கு என்ன பதில்?

திருப்புளி:
அதை வேறு இழையில் பேசலாமே. அவர் கேட்டது கிட்.

பழையபட்டன்:
திறந்தேன், 32 பின். அதற்கான ரிப்பன் கேபிளோடு வரும் லேமினேட் கிட், ஷெல் இரண்டும் ஆர்டர் போட்டாயிற்று. நன்றி.

சாம்பல்செங்கல்:
திறந்ததும் திறந்தீர்கள், சுவிட்சைச் சுத்தம் செய்தீர்களா?