ரம்ஜான் நகருது, ஈஸ்டர் ஏன் நகரமாட்டேங்குது?

நொய்யல்கரை:
யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூணுக்கும் மூலம் ஒரே ஆபிரகாம், அதாவது இப்ராஹீம் நபி. மூணுமே நிலாவை வெச்சுத்தான் நாள் குறிக்குது. அப்புறம் ஏனுங்க ரம்ஜான் மட்டும் வருஷம் 11 நாள் முன்னாடி வருது, ஈஸ்டரும் யூதர்கள் எகிப்துல இருந்து விடுதலையானதைக் கொண்டாடுற பஸ்கா பண்டிகையும் பங்குனி, சித்திரையை விட்டு நகரமாட்டேங்குது? திருப்பூர்ல கம்பெனி லீவு லிஸ்ட் போடணும். தினசரி காலண்டரை வெச்சே கணிக்க முடியுங்களா?

பவானிக்கூடல்:
12 நிலா மாசம்னா 354 நாள்தான். அந்த 11 நாள் பள்ளத்தை என்ன பண்றதுங்கறதுலதான் மூணும் பிரியுது.

நம்ம பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசுற வீடுகள்ல கொண்டாடுற யுகாதியை நெனச்சுக்கோங்க. அதுவும் நிலாக் கணக்குதான். நடுவுல அதிக மாசம் செருகறதால பங்குனிப் பக்கமே நிக்குது. யூதர்கள் முறையும் அதேதான். 19 வருஷத்துல 7 தடவை (3, 6, 8, 11, 14, 17, 19-ஆம் வருஷம்) அவங்களோட ‘ஆதார்’ங்கற மாசம் ரெண்டா வரும். பஸ்காவை ஆபிப் மாசத்துல, கதிர் பிடிக்கிற பருவத்துல கொண்டாடணும்னு யூதர்களோட வேதமான தோரா சொல்லுது. எருசலேம் ஆலயம் இருந்த காலத்துல வாற்கோதுமைக் கதிர் முத்தலைன்னா ஒரு மாசம் கூட்டிக்குவாங்க.

இஸ்லாத்துல அந்தச் செருகலே கிடையாது. மாசம் பன்னிரண்டுதான், முன்பின் தள்ளுற ‘நஸீ’ கூடாதுன்னு குர்ஆன் 9:36-37 சொல்லுது. தள்ளினா போர் விலக்கின புனித மாசங்கள் இடம் மாறிப்போயிரும். அதனால ரம்ஜான் சுமார் 33 வருஷத்துல எல்லாப் பருவத்தையும் சுத்தி வந்துரும். 2030-ல ஜனவரியில ஒரு ரமலான் நோன்பு தொடங்கும், டிசம்பர் கடைசியில இன்னொண்ணு. இத்தனைக்கும் ரமலான்ங்கற சொல்லோட வேருக்கே சுட்டெரிக்கிற வெக்கைன்னுதான் அர்த்தம்!

குளத்தேரி:
ஈஸ்டருக்கு வர்றேன். இயேசு சிலுவையேறினது பஸ்கா சமயம். அதனால வேர் அதேதான். ஆனா 325-ல ஆயர்கள் கூடின நிசேயா சங்கம், எல்லாரும் ஒரே ஞாயித்துக்கிழமை கொண்டாடணும், யூதர் கணக்கை எதிர்பார்க்க வேண்டாம்னு முடிவு பண்ணுச்சு. இப்ப இருக்கிற விதி: மார்ச் 21-லயோ அதுக்கப்புறமோ வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கடுத்த ஞாயிறு. பௌர்ணமியே ஞாயிறா இருந்தா அடுத்த வாரம்.

2024-ஐப் பாருங்க. மார்ச் 25 பங்குனி உத்திரப் பௌர்ணமி. அதை ஒட்டி மார்ச் 31 ஈஸ்டர். யூதர் காலண்டர்ல அது 5784-ஆம் வருஷம். 19-ஆல் வகுத்தா மீதி 8, அதிக மாச வருஷம். அதனால பௌர்ணமியை ஒட்டி வர்ற பஸ்கா அடுத்த பௌர்ணமிக்குப் போயிருச்சு. ஏப்ரல் 23, நம்ம சித்ரா பௌர்ணமி அன்னிக்கே!

காலண்டரை அப்படியே நம்பிட்டா ஒரு இடத்துல மாட்டிக்குவீங்க. திருச்சபை பார்க்கிறது வானத்து நிலாவை இல்லைங்க, முன்கூட்டியே கணக்குப் போட்டு வெச்ச அட்டவணை நிலாவை. 2019-ல மார்ச் 21-லயே பௌர்ணமி வந்துச்சு. மார்ச் 24 ஈஸ்டர்னு போட்டிருந்தா தப்பு. அட்டவணையில அந்தப் பௌர்ணமி மார்ச் 20, ஒரு நாள் முந்தி. அதனால ஈஸ்டர் ஏப்ரல் 21-க்குப் போயிருச்சு.

காலிங்கராயன்வாய்க்கால்:
லிஸ்ட் போடறவங்களுக்கு ரெண்டு விஷயம். இஸ்லாத்துல, அமாவாசைக்கு அடுத்த நாளோ அதுக்கும் அடுத்த நாளோ பொழுது சாயும்போது மேக்கால பிறை தெரியும். அன்னிக்கு ராத்திரியே புது மாசம் பொறந்துருது. தலைமை காஜி அறிவிக்கிற வரைக்கும் ரம்ஜான் தேதியை உறுதியா எழுதாதீங்க. மாசம் 29-ஆ 30-ஆன்னு கடைசி சாயங்காலம்தான் தெரியும்.

யூதர்களுக்கும் நாள் பொழுது சாயத்தான் தொடங்குது. காலண்டர்ல பஸ்கா ஏப்ரல் 23-ன்னு இருந்தா, பஸ்கா விருந்து 22 ராத்திரியே.

நொய்யல்கரை:
பக்ரீத்துக்கும் கடைசி நாள் வரைக்கும் காத்திருக்கணுங்களா?

காலிங்கராயன்வாய்க்கால்:
வேண்டாமுங்க. அது துல்ஹஜ் மாசத்தோட பிறை 10, அதாவது பத்தாம் நாள். மாசப் பிறை தெரிஞ்சதுமே தேதி முடிவாயிரும், ஒன்பது நாள் கையில இருக்கும்.