ஜனவரியில் சூரியன் கிட்டே இருந்தும் ஏன் குளிர்? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

காட்பாடி வாத்தியார்

ஒரு பிள்ளை கேட்ட கேள்வி மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நிழலில்லா நாள் உங்களுக்குத் தெரிந்ததுதான், உச்சி வேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிழல் காலடியிலேயே அடங்கிவிடும் நாள். நம் வேலூர்ப் பக்கம் ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் 18ஐ ஒட்டி இன்னொரு தடவை. ஏப்ரலில் மைதானத்தில் ஒரு பிவிசி குழாய்த் துண்டை நேராக நட்டுப் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்தேன். 12 மணி 11 நிமிடம் வாக்கில் நிழல் சுருங்கிச் சுருங்கிக் குழாயின் அடியிலேயே அடங்கிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தவிர.

"இன்னைக்குத்தான் சூரியன் நமக்கு ரொம்பக் கிட்ட இருக்கா சார்?"

இல்லைம்மா, ஜனவரி 3, 4 வாக்கில்தான் ரொம்பக் கிட்டே இருந்தது, 14 கோடியே 71 லட்சம் கிலோமீட்டர். ஜூலை 4 வாக்கில் 15 கோடியே 21 லட்சம் கிலோமீட்டருக்குப் போய்விடும் என்றேன். குழாயையே பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அப்போ ஜனவரியில விடியக்காலம் அப்படிக் குளிருச்சே? 50 லட்சம் கிலோமீட்டர் கிட்ட வந்தது எங்க சார் போச்சு?"

பூமி 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது, அதனால்தான் பருவங்கள் என்று சொன்னேன். அது பரீட்சைக்கு எழுதும் பதில். அவள் கேட்டது அது இல்லை. கிட்டே வந்ததால் கூடுதலாகக் கிடைத்த வெயில் எங்கே போயிற்று என்று கேட்டாள். மணி அடித்தது, அப்புறம் தேர்வு, விடுமுறை. அவள் குடும்பம் வேறு ஊருக்கே போய்விட்டது. ஜனவரியில் பூமிக்கு ஜூலையைவிட 7 சதவீதம் வெயில் அதிகம். அந்த 7 சதவீதத்தைக் கண்ணால் பார்த்தவர்கள், உடம்பில் பட்டவர்கள் எழுதுங்கள். பூமியின் தெற்குப் பாதிக்குப் போய் வந்தவர்கள் அவசியம் எழுதவும்.

ஆம்பூர் டு மெல்பர்ன்

சார், வடகத்தில் ஆரம்பிக்கிறேன்.

அம்மா டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்கு, மெல்பர்னில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அங்கே அது கோடை. காலை ஏழரைக்கு வீட்டின் தெற்குச் சுவர் ஓரம் பளீரென்று வெயில். ஆம்பூரில் மார்கழி, தை மாதங்களில் தெற்குப் பக்கம் நாள் முழுக்க வெயில் நிற்கும் என்பது அம்மாவுக்குப் பழக்கம். வெள்ளை வேட்டியை விரித்து வடகம் பிழிந்துவிட்டு உள்ளே போனார்கள். பத்தரைக்கு வந்து பார்த்தால் சுவர் ஓரமாகப் பிழிந்த வரிசை முழுவதும் நிழலில். "வெயில் எங்கடா போச்சு?" என்று கேட்டபடி வானத்தைப் பார்த்தார்கள். சூரியன் வீட்டுக்கு அந்தப் பக்கம், வடக்கே போய்விட்டது. அங்கே அது கிழக்கில் உதித்து வடக்கு வழியாக மேற்கே போகும். சூரியனைப் பார்த்து நின்றால் அது வலமிருந்து இடமாக நகரும். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் வேட்டியின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்கள். அப்படியே வடக்குப் பக்கம் தூக்கிப் போனோம்.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது ஏஜென்ட் பெருமையாகச் சொன்னதும் 'வடக்கு பார்த்த ஹால்' என்றுதான். வாஸ்துவுக்காக இல்லை, ஜூன், ஜூலை குளிரில் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வரும் என்பதற்காக. ஜூன் மாத உச்சி வேளையில்கூட மெல்பர்னில் சூரியன் 29 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும்.

ராணிப்பேட்டையான்

எனக்குக் கணக்கெல்லாம் வராது. கத்திரியில் பேருந்து நிலையத்தில் இறங்கினேன், செருப்பு தாரில் ஒட்டிக்கொண்டு கழன்றுவிட்டது. வெறுங்காலை ஒரே ஒரு எட்டு கீழே வைத்தேன். அந்தச் சூடு இன்னும் பாதத்தில் இருக்கிறது. மே மாதம் சூரியன் கிட்டே வராமல் இப்படி எரியுமா? யார் என்ன சொன்னாலும் உடம்புக்குத் தெரியும்.

ஆரணித் தறி

ராணிப்பேட்டை அண்ணே, உடம்புக்குத் தெரிவது தரையின் சூடு. சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது உடம்புக்குத் தெரியாது. ஏப்ரல் 24லேயே நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. அன்றைக்கு இல்லாத காட்டம் மே நடுவில் ஏன்? நேர் வெயில் வாரக்கணக்கில் தரையில் சேர்ந்துகொண்டே போகிறது, மேகம் இல்லை, கடல் காற்று சென்னைக்குக் கிடைப்பதுபோல் நமக்கு வந்து சேர்வதில்லை. கத்திரி மே 4 முதல் 28 வரை. அந்த நாட்களில் சூரியன் நம்மைவிட்டு விலகித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

என் அனுபவம் தறி வீட்டில். தெற்கே ஒரு ஜன்னல். அப்பா வெள்ளைப் பட்டில் நெய்யும்போது உச்சி வெயில் பாவில் பட்டுக் கண் கூசும் என்று சாக்கு கட்டுவார். வெயில் எதுவரை உள்ளே வருகிறது என்று தரையில் கரியால் கோடு போட்டு வைப்பார். மார்கழி முதல் வாரத்துக்குப் பிறகு அந்தக் கோட்டை வெயில் தாண்டியதே இல்லை. போகிக்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: வெயிலின் விளிம்பு கோட்டைவிட்டு அரை ஜாண் பின்வாங்கியிருந்தது. "சூரியன் எப்பவோ திரும்பிடுச்சு, நாமதான் தை ஒண்ணுல கும்பிடுறோம்" என்றார்.

சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22. பூமியின் அச்சு மெல்லச் சுற்றுவதால் 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி விலகி, தை ஒன்று இவ்வளவு தள்ளி வந்திருக்கிறது. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. இதைச் சொன்னால் எங்கள் தெருவில் சண்டைக்கு வருகிறார்கள். பொங்கலை மாற்றச் சொல்லவில்லை ஐயா, ஜன்னலைப் பாருங்கள் என்கிறேன்.

சத்துவாச்சாரி செல்வி

வாத்தியார் கேட்ட 7 சதவீதம் உடம்பில் படுவதை நான் பார்த்தேன்.

நியூசிலாந்தில் நர்ஸ் வேலை. போய்ச் சேர்ந்த புதிதில், பிப்ரவரியில், பையனைப் பள்ளியில் கூப்பிடப் போனால் மற்ற பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், இவன் மட்டும் கூரைக்குக் கீழே தனியாக உட்கார்ந்திருக்கிறான். கன்னமெல்லாம் கண்ணீர்க் கோடு. தொப்பி கொண்டுவரவில்லையாம், தொப்பி இல்லாவிட்டால் வெயிலில் விளையாட்டு கிடையாது என்பது விதி. அன்றைக்கு 22 டிகிரி. வேலூரில் பிறந்த பிள்ளைக்கு இது ஒரு வெயிலா என்று எனக்கு ஆத்திரம். அந்த ஆசிரியை அமைதியாகச் சொன்னார்: "நீங்கள் சொல்வது சூடு. நான் சொல்வது வெயில்."

அதே அட்சரேகையில் வடக்கே இருக்கும் ஊர்களைவிட நியூசிலாந்தின் கோடையில் புற ஊதாக் கதிர் சுமார் 40 சதவீதம் அதிகம். ஓசோன் குறைவு, காற்றில் தூசி புகை குறைவு, அதோடு பூமி சூரியனுக்குக் கிட்டே இருப்பதும் அந்தக் கோடையில்தான். மூன்றும் சேர்ந்து தோலைச் சுடும், காற்று மட்டும் ஜில்லென்று இருக்கும். அங்கே தோல் புற்றுநோய் ஏன் இவ்வளவு என்பதை வார்டில் தினமும் பார்க்கிறேன்.

நம் ஊருக்கும் சொல்கிறேன், கேட்காவிட்டாலும். ஏப்ரல், மே உச்சி வேளையில் வேலூரிலும் புற ஊதாக் கதிர் மிக அதிகம். கறுப்புத் தோல் என்றால் எதுவும் ஆகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். கண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, புரை சீக்கிரம் வரும். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் அகலமான தொப்பியோ முண்டாசோ கட்டாமல் போகாதீர்கள். பதினொன்று முதல் மூன்று மணி வரை பிள்ளைகளைக் கிரிக்கெட் ஆட விடாதீர்கள். நிழலில் இருந்தாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. வயதானவர்கள் பேச்சு குழறினால், வியர்வை நின்றுபோனால் உடனே உடம்பை நனைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மோர் கொடுத்துப் படுக்கவைத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

பாலாற்றங்கரை

செல்வி சொன்னது தோலுக்குச் சரி. ஆனால் அந்தப் பெண் கேட்டது குளிரைப் பற்றி. தெற்கே கோடையில் 7 சதவீதம் வெயில் கூடினால் தெற்குக் கோடை வடக்குக் கோடையைவிடச் சூடாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லையே. இங்கே யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

விரிஞ்சிபுரம் கோயிலுக்குப் போகப் பாலாற்றைக் குறுக்கே நடந்தோம், மே மாதம், நடுப்பகல். மணல் செருப்பின் ஓரத்தில் ஏறி விரலிடுக்கில் புகுந்தால் நெருப்புத்துண்டு. எதிர்க்கரையில் ஒரு விவசாயக் கிணறு. படியில் இறங்கிக் காலை நனைத்தேன். பல் கூசுகிற குளிர்ச்சி. ஒரே வெயில், ஐம்பது அடி இடைவெளி. கோயிலில் வெயிலை வைத்து மணி காட்டும் கல்லில் விழும் நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றபோதும் மனம் அந்தக் கிணற்றிலேயே இருந்தது.

அதுதான் விடை. ஒரு கிலோ மணலுக்கு ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பத்தைப்போல் ஐந்து மடங்கு ஒரு கிலோ தண்ணீருக்கு வேண்டும். மணலில் மேல்தோல் மட்டும் சூடாகும். கடலில் வெயில் ஆழம்வரை இறங்கும், அலை கலக்கிவிடும். பூமியின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வடக்குப் பாதியில். தெற்கே 40 முதல் 60 டிகிரி வரை பார்த்தால் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். வடக்கே அதே இடத்தில் ஐரோப்பா, சைபீரியா, கனடா. சைபீரியாவில் வெர்கோயான்ஸ்க் என்றொரு ஊர்: குளிர்காலத்தில் மைனஸ் 67க்குக் கீழே போயிருக்கிறது, 2020 ஜூனில் 38 டிகிரி. தெற்கில் மனிதர் வாழும் ஊர் எதிலும் அப்படி ஏற்ற இறக்கம் கிடையாது. ஆக ஜனவரியில் கூடும் வெயிலில் பெரும்பகுதியைத் தெற்குக் கடல் விழுங்கிவிடுகிறது. சூரியன் தள்ளியிருக்கும் ஜூலையில் பூமி முழுவதற்குமான சராசரி வெப்பம் ஜனவரியைவிட இரண்டு டிகிரிக்கு மேல் அதிகம்! ஆண்டு முழுக்கக் கணக்கிட்டாலும் வடக்குப் பாதிதான் ஒரு டிகிரிக்கு மேல் சூடு. கடல் நீரோட்டங்கள் தெற்கின் வெப்பத்தை நிலநடுக்கோடு தாண்டி வடக்கே கொண்டுவருகின்றன, தென்கோடியில் அண்டார்டிகா பனிக்கட்டி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

வாத்தியாருக்கு ஒரு யோசனை. குழாய் மட்டும் நட்டால் போதாது. ஒரே அளவு இரண்டு அலுமினியத் தட்டு எடுங்கள், ஒன்றில் ஆற்று மணல், ஒன்றில் தண்ணீர். காலை ஒன்பதுக்கு மாடியில் வைத்து மணிக்கு ஒரு தடவை தெர்மாமீட்டரில் பார்த்துப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். மணல் காய்ந்ததாக இருக்க வேண்டும், ஈரமணல் ஏமாற்றும். தட்டைச் சிமென்டுத் தரையில் வைக்காதீர்கள், கீழிருந்து சூடேறும், மரப்பலகை போடுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கும் ஒரு தடவை பார்க்க வேண்டும், மணல் எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்பதுதான் குளிர்காலத்துக்கு விடை. அடுத்தது டார்ச். நேராக அடித்தால் சின்ன வட்டம், சாய்த்து அடித்தால் அதே வெளிச்சம் பெரிய இடத்தில் பரவி மங்கும். சாய்வுக்கு இது, கடலுக்குத் தட்டு. இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள், பிள்ளைகள் குழம்புவார்கள்.

ஜவ்வாது

காவலூர் வைணு பாப்பு வான் ஆய்வகத்துக்கு நம் பக்கத்துக்காரர்களே பாதிப் பேர் போனதில்லை. கோடையில் ஒரு சனிக்கிழமை ராத்திரி போனேன். வடக்கே மரங்களுக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம், 12 டிகிரி உயரத்தில். அப்படியே திரும்பினால் தெற்கே சிலுவை வடிவில் நான்கு நட்சத்திரங்கள். மெல்பர்ன்காரர் தினமும் பார்ப்பது அதைத்தான், அவருக்குத் துருவ நட்சத்திரம் எந்நாளும் தெரியாது. இரண்டு பாதியின் வானமும் ஒரே இடத்திலிருந்து தெரிவது காவலூருக்கு ஒரு பெரிய வசதி.

பாலாற்றங்கரை ஒன்றை விட்டுவிட்டார், பகலின் நீளம். வேலூரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம். மெல்பர்னில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். சாய்வு இரண்டு விதமாக வேலை செய்கிறது: வெயில் விழும் கோணம் ஒன்று, அடிக்கும் நேரம் இன்னொன்று. இன்னும் ஒன்று: கிட்டே இருக்கும்போது பூமி வேகமாக ஓடும். அதனால் மார்ச் முதல் செப்டம்பர் வரை வடக்குக்கு வெயில் கூடிய அரையாண்டு 186 நாள், தெற்குக்கு வெயில் கூடிய மீதி அரையாண்டு 179 நாள்தான். கூடுதல் வெயில் தெற்குக்கு, கூடுதல் நாட்கள் வடக்குக்கு. ஆண்டுக் கணக்கில் இரண்டு பாதிக்கும் சூரியன் சமமாகத்தான் கொடுக்கிறது.

குடியாத்தம் சோலார்

மாடியில் பேனல் மாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரின் மகன் சிட்னியிலிருந்து வீடியோ காலில், "வடக்கு பார்த்து வைங்க, இங்க எல்லா வீட்டிலும் அப்படித்தான்" என்று ஒரே பிடிவாதம். அது ஜூன் மாதம், மத்தியானம். என் கெட்ட நேரம், நிழலும் தெற்கே விழுகிறது! "பாருங்க, சூரியன் வடக்கேதான் இருக்கு" என்கிறார் பெரியவர். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாக்பீஸால் காலண்டர் எழுதிக் காட்டினேன். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஏறக்குறைய நான்கு மாதம் சூரியன் நமக்கு வடக்கே. மீதி எட்டு மாதம் தெற்கே. வடக்கே இருக்கும்போதும் உச்சிக்குப் பத்து டிகிரிதான் விலகும், டிசம்பரில் தெற்கே 36 டிகிரி விலகும். அதனால் நமக்குத் தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு. சிட்னிக்கு வடக்கு. அவர் மகன் சொன்னது அவர் ஊருக்குச் சரி.

பெரியவர் சாக்பீஸை வாங்கி எட்டையும் நாலையும் தானே ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். அப்புறம்தான் தெற்கே மாட்ட விட்டார்.

பேனல் வைத்திருப்பவர்களுக்கு: கழுவுவதென்றால் விடியற்காலையில் கழுவுங்கள். மே மாத உச்சி வெயிலில் காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம். உப்புத் தண்ணீர் வேண்டாம், வெள்ளையாகப் படிந்துவிடும்.