மார்ஷல் திட்டம்: இவ்வளவு சிறிய தொகை எப்படிப் போதுமானதாக இருந்தது?

கேள்வி (ஈரோடு, கல்லூரி மாணவி):
1948 முதல் மார்ஷல் திட்டத்தின்கீழ் அமெரிக்கா, இரண்டாம் உலகப் போரில் சிதைந்த மேற்கு ஐரோப்பாவுக்கு ஏறத்தாழ 1,300 கோடி டாலர் வழங்கியது. ஆனால் பெற்ற நாடுகளின் ஆண்டு வருமானத்தோடு ஒப்பிட்டால், அது சராசரியாக நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் என்கிறார்கள். அப்படியென்றால் அந்த நாடுகளை மீட்டது உண்மையில் இந்த உதவிதானா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (திருப்பூர், பின்னலாடைத் தொழில்):
எங்கள் பட்டறைக்கு ஒருமுறை பத்து நாள் நூல் வரவில்லை. கையில் ஆர்டர் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். ஆயினும் பின்னல் இயந்திரங்களைத் துணி போட்டு மூடி வைத்தோம். குறைந்தது நூல் ஒன்றுதான், நின்றதோ முழுத் தொழிலும். 1947இன் ஐரோப்பாவும் அந்த நிலையில்தான் இருந்தது. நிலக்கரி, கோதுமை, பருத்தி ஆகியவற்றை அமெரிக்காவிடம் வாங்க டாலர் வேண்டும். டாலர் சம்பாதிக்கச் சரக்கு ஏற்றுமதியாக வேண்டும். சரக்கு செய்யவோ அதே நிலக்கரியும் பருத்தியும் வேண்டும். அந்த முடிச்சை அவிழ்க்கும் இடத்தில் உதவி வந்து சேர்ந்ததால், நூற்றுக்கு இரண்டு பங்குகூடப் பெரிதாயிற்று.

பதில் (கோவை, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்):
அம்மணி, அந்தப் பணம் இரண்டு முறை வேலை செய்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு ஜெர்மன் நூற்பாலை அமெரிக்கப் பருத்தியை வாங்கினால், ஏற்றுமதியாளருக்குரிய டாலரை அமெரிக்க அரசு கொடுத்துவிடும். ஆலையோ தன் நாட்டு நாணயத்தில் விலையைச் செலுத்தும், அது ஒரு தனிக் கணக்கில் சேரும். அமெரிக்க ஒப்புதலோடு அந்தக் கணக்கிலிருந்து உள்நாட்டிலேயே முதலீடு செய்தார்கள். பிரான்சில் அது மின்சாரத்துக்கும் சுரங்கங்களுக்கும் ரயில்பாதைகளுக்கும் சென்றது. ஜெர்மனியில் 1948இல் தொடங்கப்பட்ட கே.எஃப்.டபிள்யூ வங்கியின் வழியாகக் கடனாகக் கொடுத்து, திரும்பி வந்த தவணையை அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். அந்த நிதி இன்றும் சுழன்று, சிறுதொழில்களுக்குக் கடனாகிறது. முப்பது ஆண்டுகள் கடன் பிரிவில் இருந்த எனக்கு, இதைவிட நிறைவு தரும் கணக்கு வேறில்லை.

பதில் (பொள்ளாச்சி, வரலாற்று ஆசிரியர்):
ஓர் எச்சரிக்கை. மீட்சி 1947க்கு முன்பே தொடங்கிவிட்டது என்றும், வேகமான முதலீட்டுக்காக இறக்குமதி பெருகியதே டாலர் பற்றாக்குறைக்குக் காரணம் என்றும் பொருளாதார வரலாற்றாசிரியர் ஆலன் மில்வார்ட் வாதிட்டார். மிக அதிகம் பெற்றது பிரிட்டன். ஆனால் அதைவிடக் குறைவாகப் பெற்ற மேற்கு ஜெர்மனியே வேகமாக வளர்ந்தது. அங்கே 1948 ஜூனில் நாணயமும் மாற்றப்பட்டது, பெரும்பாலான விலைக் கட்டுப்பாடுகளும் தளர்ந்தன. 1950இல் உருவான ஐரோப்பியக் கொடுப்பனவு ஒன்றியம், நாடுகள் தங்களுக்குள் டாலரைத் தேடாமல் வணிகம் செய்ய வழிவிட்டது. ஆகவே உதவி தேவையற்றதாக இருந்தது என்பது என் கருத்தன்று. உதவியைத் தனியே பிரித்து அளக்க முடியாது என்பதே என் கருத்து.

மாணவி:
மிக்க நன்றி. பிரிட்டன் அந்தத் தனிக் கணக்கை என்ன செய்தது, ஐயா?

கோவை:
பெரும்பகுதியை அரசின் கடனைக் குறைக்கவே பயன்படுத்தியது.