ட்ரேஸ்மாலக்கில் 90 எம்பி, ஆர்எஸ்எஸ்ஸில் 3 ஜிபி: மீதி எங்கே?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கமிஷன் கடைகளுக்கான பில்லிங் சர்வர். பைத்தான் 3.11, உபுண்டு 22.04, 4 கோர், 8 ஜிபி ரேம். விடியக்காலையில் ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் ரேமில் உண்மையில் பிடித்திருக்கும் இடம்) 400 எம்பி. மதியத்துக்குள் 3 ஜிபி. வியாபாரம் ஓய்ந்தாலும் இறங்குவதில்லை. சிபியு சாதுவாகத்தான் இருக்கிறது: ஓடும் பைத்தான் ப்ராசஸை எட்டிப்பார்க்கும் பை-ஸ்பை கருவியின் டம்பில் த்ரெட்கள் எல்லாம் சும்மா காத்துக்கிடக்கின்றன.

பைத்தானின் மெமரி ஒதுக்கீட்டைக் கண்காணிக்கும் ட்ரேஸ்மாலக்கின் ஸ்னாப்ஷாட்களை ஒப்பிட்டால் வளர்ச்சி வெறும் 90 எம்பி. பைத்தான் ஒதுக்கியதைத்தானே அது காட்டும், சி லைப்ரரி நேரடியாக எடுப்பது அதன் கண்ணில் படாது. பயன்படாத ஆப்ஜெக்ட்களை அகற்றும் ஜிசி கலெக்ட் போட்டும் பலனில்லை. மாலக் அரீனா (சி லைப்ரரி மெமரியைப் பிரித்து வைக்கும் தொகுதி) உச்சவரம்பை 2 ஆக்கினேன், மதிய ஆர்எஸ்எஸ் 2.4 ஜிபி ஆனது, ஆனால் ஏற்றம் நிற்கவில்லை. ஆகவே வெறும் துண்டாடல் (விடுவித்த மெமரி துண்டு துண்டாகத் தேங்குவது) மட்டும் காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். பில்லில் லோகோ ஒட்டும் பில்லோ (பைத்தான் பட லைப்ரரி, Pillow) மேல்தான் சந்தேகம்.

காலை நெரிசலில் சர்வரை நிறுத்த முடியாது. ஓடும் ப்ராசஸில் மெம்ரே என்ற மெமரி ப்ரொஃபைலரை நேட்டிவ் ஸ்டாக்கோடு (சி கோடின் அழைப்புகளையும் சேர்த்து) அட்டாச் செய்தால் பில் போடும் வேகம் எவ்வளவு அடிவாங்கும்?