புது ஷூ சுண்டுவிரலையும் குதிகாலையும் கடிக்குது, ஒன்பதாம் நம்பர் மாத்தலாமா?

தங்கச்சிமடத்தான்:
ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜ் ரிசப்ஷன்ல சேர்ந்து பத்து நாளாகுது. கறுப்பு ஷூ கட்டாயம், ஒன்பது மணி நேரம் நின்னே ஆகணும். எட்டாம் நம்பர், கயிறு கட்டுற மாடல், 1,400 ரூபாய். ரெண்டாம் நாளே ரெண்டு சுண்டுவிரலும் செவந்துபோச்சு. வலது குதிகால்ல கொப்புளம் உடைஞ்சு சாக்ஸோட ஒட்டிக்கிச்சு, கழட்டும்போது உசுரு போகுது. அப்பாகூட கரைவலை இழுத்து வளந்தவன் நான், மணல்ல எப்பவும் வெறுங்கால்தான். ஒன்பது எடுத்தா சரியாகும்னு கடைக்காரர் சொல்றார். தேங்காய் எண்ணெய் தடவி வெயில்ல வைன்னு அம்மா சொல்லுது. எதைச் செய்ய?

பாம்பன்_காத்து:
பழகிரும் தம்பி. ஒரு மாசம் பல்லக் கடிச்சுக்கோ.

கீழக்கரை_காக்கா:
அந்தப் பேச்சைக் கேக்காதிய தம்பி. துபாய்ல துணிக்கடையில பதினொரு வருசம் ஷூவோட நின்னவன் சொல்றேன். தோல் ஷூன்னா கொஞ்சம் விரியும். ரெக்சின்னா கடைசி வரைக்கும் கடிக்கும். முதல்ல அது எதுன்னு பாருங்க. கயிறுக்கு அடியில இருக்கிற ஷூ நாக்குக்கு உள்பக்கமோ அடியிலயோ சின்னதா படம் போட்டிருப்பான். விரிச்ச ஆட்டுத்தோல் மாதிரி இருந்தா தோல். வெறும் டைமன் கட்டம்னா ரெக்சின் வகை.

அடுத்தது, உள்ள இருக்கிற இன்சோலை உருவித் தரையில போட்டு அதுமேல ஏறி நில்லுங்க. சுண்டுவிரல் வெளிய தொங்கினா அகலம்தான் பத்தல. நம்பரைக் கூட்டினா நீளம்தான் எட்டரை மில்லிமீட்டர் போல கூடும், அகலம் அந்த அளவுக்குக் கூடாது. குதிகால் உள்ள ஏறி இறங்கி ஆடும், கொப்புளம் டபுளாகும். வெறுங்காலா நடந்து வளந்தவுகளுக்கு விரலெல்லாம் வெத்தலை மாதிரி விரிஞ்சுதான் இருக்கும், அதுக்கு நீளம் தீர்வில்ல.

இன்னைக்கே செய்யக்கூடியது ஒண்ணு. கயிறை மொத்தமா உருவிட்டு, விரல் பக்கம் இருக்கிற முதல் ஓட்டையை விட்டு ரெண்டாவதுலேர்ந்து கோருங்க. முன்பக்கம் தளரும். மேல கடைசி ஓட்டையில மட்டும் நல்லா இறுக்குங்க, குதிகால் நகராது.

தோல்னா மட்டும் வீட்டுல ரெண்டு சாக்ஸ் போட்டு மாட்டி, கடிக்கிற இடத்துல முடி காயவைக்கிற மெஷினால சூடு காட்டி, ஆறுற வரைக்கும் நடங்க. வெயில்ல வைக்காதிய, பசை விட்டுரும். எண்ணெய் தடவினா பாலிஷ் ஏறாது, சாக்ஸெல்லாம் கறை.

மண்டபம்_அக்கா:
நர்ஸா இருக்கேன், புண்ணுக்கு மட்டும் சொல்றேன். உரிஞ்ச தோலைப் பிய்க்காதீங்க. சோப்புத் தண்ணியில கழுவி, காயவிட்டு, பிளாஸ்திரி போட்டுட்டுத்தான் சாக்ஸ் மாட்டணும். மத்தியானம் சாக்ஸ் மாத்துங்க, ஈரத்துலதான் தோல் சீக்கிரம் உரியும். சாக்ஸை உதறாம போடாதீங்க. நம்ம ஊர் மணல் ஒரு சிட்டிகை போதும், உப்புத்தாள் வேலை பாக்கும். சுத்திச் செவந்து சூடா இருந்தாலோ, சீழ் வச்சாலோ டாக்டரைப் பாருங்க. சர்க்கரை இருக்கிறவங்க கொப்புளத்துக்கே போயிரணும்.

தங்கச்சிமடத்தான்:
நாலு நாள் கழிச்சு வர்றேன். காக்கா, டைமன் கட்டம்தான். இன்சோல்ல ஏறி நின்னா சுண்டுவிரல் பாதி வெளிய. கயிறு மாத்திக் கோத்ததுல குதிகால் பரவால்ல, விரல் அப்படியேதான் இருக்கு. செருப்பு தைக்கிற அண்ணன்கிட்ட கட்டை விட்டு விரிக்கச் சொன்னேன். "ரெக்சினை விரிச்சா வெடிச்சிரும், காசை வீணாக்காதே"ன்னு கையிலயே திருப்பிக் கொடுத்துட்டார்.

கீழக்கரை_காக்கா:
நல்ல மனுசன். அப்ப புதுசு எடுக்கிறதுதான் வழி. சாயங்காலம் வேலை முடிஞ்சு, கால் வீங்கின நேரத்துல கடைக்குப் போங்க. வேலைக்குப் போடுற சாக்ஸையே மாட்டிக்கிட்டுப் போங்க. கயிறு கட்டுற ரெண்டு மடலும் தனித்தனியா விரியிற மாடல், டெர்பிம்பாங்க, அதைக் கேளுங்க. மூக்கு கூரா இருக்கக்கூடாது. ரெண்டு காலும் போட்டு, நின்னு பாக்கணும்.

தங்கச்சிமடத்தான்:
எடுத்துட்டேன். அதே எட்டுதான், அகலமான டெர்பி, தோல், 2,300. சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே கடன். ஆனா நேத்து முழு ஷிப்ட்டும் நின்னேன், விரல் செவக்கல. வலது குதிகால்ல மட்டும் பிளாஸ்திரி. பழசை மச்சான் 500 ரூபாய்க்குக் கேக்குறான், ஒல்லிக் கால். கொடுக்கலாமா?

கீழக்கரை_காக்கா:
மச்சானையும் இன்சோல்ல ஏத்தி நிறுத்திட்டுக் கொடுங்க.